சத்தமில்லாமல் ஓடிய தறி

கருமத்தம்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குத் தறிச் சத்தம் கேட்டால் தூக்கம் வரும், நின்றால் விழிப்பு வரும். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் முதல் மாதம் படும் பாட்டைப் பார்த்தால் இது தெரியும். பெண் காதைப் பொத்திக்கொண்டு புரண்டுகொண்டிருப்பாள், புருஷன் பக்கத்திலேயே கட்டையாகக் கிடப்பான். கரண்டு போனால் அவள் அப்பாடா என்று கண்ணை மூடுவாள். அவன் திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். வருஷம் திரும்புவதற்குள் பெண்ணும் அந்த வழிக்கு வந்துவிடுவாள். கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்த தெய்வாத்தாளும் அப்படித்தான் வந்தாள்.

அவளுடைய புருஷன் ஐயாசாமியைப் பற்றித்தான் சொல்ல வந்தது. பெரிய மனிதர் இல்லை. வீட்டை ஒட்டி ஓடு போட்ட கூடம், அதில் நாலு விசைத்தறி. வியாபாரி பாவும் நூலும் கொடுப்பார், இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். காலையில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றால் இப்படிப் பத்து ஐயாசாமிகளைப் பார்க்கலாம். சட்டைக் காலரில் பஞ்சுத் தூசி இருக்கும். யார் பேசினாலும் அவர்கள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார்கள். புது ஆளாக இருந்தால், என்ன மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொள்வார். மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. காது மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறார்கள்.

தறி ஓடுகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. குரலை எடுக்காமல் வாயை மட்டும் அசைப்பார்கள். எதிராளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஐயாசாமியும் தெய்வாத்தாளும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் குடித்தனம் நடத்தினார்கள். மகளுக்குக் காதுகுத்து வைப்பதிலிருந்து மத்தியானத்துக்கு என்ன குழம்பு என்பதுவரை எல்லாம் ரெண்டாம் தறிக்கும் மூணாம் தறிக்கும் நடுவில் வாயசைப்பிலேயே முடிவாகும். சண்டையும் அப்படித்தான். கரண்டு போய்த் தறி நின்றாலும் பழக்கத்தில் வாயைத்தான் அசைப்பார்கள். சத்தமே இல்லாமல் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியை வேறெங்கும் பார்க்க முடியாது.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் தெய்வாத்தாள் தறியை விட்டு விலகி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாயசைத்தாள். காருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க ஐயாசாமிக்கு மனம் கேட்கவில்லை. வந்த பஸ்ஸில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீலாம்பூர் தாண்டியபோது அவள் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சாய்ந்தபடியே ஏதோ சொன்னாள். கழுத்தில் அவள் மூச்சு பட்டதை வைத்துத்தான் பேசுகிறாள் என்றே அவருக்குத் தெரிந்தது. உதடு தெரியவில்லை. பஸ் இரைச்சலில் காதில் எதுவும் விழவும் இல்லை. நோவோடு இருக்கிறவளை நிமிர்த்தி, என்ன சொன்னாய் என்று கேட்க வேண்டாம் என்று நினைத்து, "செரி, செரி" என்றார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பியபோது அவள் தலை கனத்துவிட்டது.

எதற்குச் சரி சொன்னோம்? இந்த ஒரு கேள்விதான் ஐயாசாமியிடம் மிஞ்சியது. மற்றதெல்லாம் மரத்துப்போய்விட்டது. இழவு வீட்டில் அவர் அழவில்லை. கல்லுளிமங்கன் என்று அவர் காதுபடவே பேசினார்கள், அவர் காதுக்கு அது எட்டவா போகிறது? பதினேழு வயது மகள் லோகப்பிரியா ஒரு நாள் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் பேசாமல் ரெண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். பிறகு சாப்பிட உட்கார்ந்த லோகுதான் வாயில் வைத்துவிட்டு அழுதாள். தறியில் விரல் நசுங்கி நகம் கறுத்துக் கிடந்ததையும் அவள் சொல்லித்தான் அவர் பார்த்தார்.

காரியத்துக்கு வந்திருந்த தெய்வாத்தாளின் அண்ணன் காளிச்சாமி, ஊருக்குக் கிளம்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். "லோகு உள்ளயிருந்து கூப்புட்டாளுங்க மாப்பளே. ஒரு நிமிசம் தங்கச்சிதான் கூப்புடறான்னு திரும்பிப் பாத்துப்போட்டேன். அதே கொரலு." தென்னந்தோப்புக்காரர்களுக்குக் காது நன்றாக இருக்கும். ஐயாசாமி அவர் உதட்டைப் பார்த்துத் தலையாட்டி வைத்தார். அதற்கு மேல் அதை யோசிக்கவில்லை.

தெய்வாத்தாள் போன பிறகு ராத்திரித் தறியை ஐயாசாமி எடுத்துக்கொண்டார். பகலில் ஓட்டுவதற்கு அப்துல் குத்தூஸ் வந்தார். லோகு தார் சுற்றிக் கொடுத்தாள். தறியில் பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்கண்டுதான் தார். ஐயாசாமி காலையில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் படுப்பார். அங்கேதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது.

மத்தியான நேரம். கண் திறந்திருக்கிறது. ஓட்டுச் சந்தில் விழுகிற வெயில் தெரிகிறது. தறிச் சத்தம் கதவு வழியாக வருகிறது. லோகு தார்க்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அறையைக் கடந்து போவதுகூடத் தெரிகிறது. ஆனால் கை அசையவில்லை, கால் அசையவில்லை. நெஞ்சுமேல் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்ததுபோல் பாரம். தலைமாட்டில் ஆள் நிற்பது தெரிகிறது, திரும்பிப் பார்க்க முடியவில்லை. லோகு என்று கூப்பிடுகிறார். அடித்தொண்டைவரை வந்த கூப்பாடு வாய்க்கு வரவில்லை. மகள் போய்விட்டாள். பிறகு எப்படியோ உதறிக்கொண்டு எழுந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. மனைவி செத்ததற்கு வராத நடுக்கம் இதற்கு வந்ததே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமும் அப்படியே. எழுகிறபோது தண்ணீர் கொண்டுவந்த லோகு பயந்துபோய் அத்தையிடம் சொல்லிவிட்டாள். ஐயாசாமியின் அக்கா முத்தாத்தாள் அடுத்த தெருவில் இருக்கிறவள். கேட்ட கையோடு வந்துவிட்டாள்.

"அமுக்குப் பேயி சாமி அது. வேற யாரு? தெய்வாதான். ஆசையோட போன உசுரு, நெஞ்சு மேல வந்து ஒக்காருது."

தலையணைக்கு அடியில் பழைய செருப்பு ஒன்று, பாய்க்குப் பக்கத்தில் விளக்குமாறு, தலைமாட்டில் ஒரு கையருவாள் என்று அவளே வைத்துவிட்டுப் போனாள். இரும்பு இருந்தால் பேய் அண்டாதாம். நாலு தறி இரும்பு ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு அஞ்சாத பேய் ஒரு கையருவாளுக்கா அஞ்சும் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வைத்திருப்பாள். இதற்கும் அடங்காவிட்டால் அமாவாசைக்குப் பூசாரியைக் கூட்டிவந்து பேயைக் கட்டிப்போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கட்டிவிட்டால் பிறகு வரவே வராதாம்.

அக்கா போனதும் ஐயாசாமி செருப்பை எடுத்து வாசலில் போட்டார். கையருவாளைத் தொழுவத்தில் கொண்டுபோய்ச் சொருகினார். தெய்வாவாக இருந்தால் வரட்டுமே. ஊரே பேயை விரட்டத் தலைகீழாக நிற்கிறபோது, இவர் ஒருவர்தான் அதற்கு வழி விட்டுப் படுத்தவர். பேயானாலும் வாயிருக்கும், பஸ்ஸில் என்ன சொன்னாய் என்று கேட்டுவிடலாம் என்பதுதான் அவர் கணக்கு.

குத்தூஸிடம் மட்டும் சொன்னார். குத்தூஸ் டீக்கடையில் பேப்பரை விளம்பரம் உட்பட வாசிக்கிற மனிதர்.

"ஏனுங்ணா, அது பேயுமில்ல பிசாசுமில்ல. ஞாயித்துக்கெழமப் பேப்பர்ல டாக்டர் கேள்வி பதில்ல போட்டிருந்தாங்க. மூள முழிச்சிருதாம், ஒடம்பு தூங்கிட்டே இருக்குதாம். தூக்கங்கெட்டவிங்களுக்கு, முறை மாத்தி வேல செய்யறவிங்களுக்கு வருமாம். மல்லுக்கட்டாதீங்க. மூச்ச மெதுவா வுட்டுட்டு, கால் கட்டவெரல மட்டும் அசச்சுப் பாருங்க, வுட்டுரும்."

"அவ்வளவுதானா?" என்று ஐயாசாமி கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும். குத்தூஸ் மீதியையும் சொன்னார்.

"இன்னொண்ணும் போட்டிருந்துச்சுங்ணா. பயப்படாம அப்படியே கெடந்தா, சில பேரு முழிப்போடயே கனவுக்குள்ள போயிருவாங்களாம். இது கனவுதான்னு கனவுலயே தெரியுமாம். நெனச்ச ஆளப் பாக்கலாமாம், பேசலாமாம். கனவுதான்னு கண்டுபுடிக்க ஒரு அடையாளம் மட்டும் வச்சுக்கோணுமாம். நெசமோ பொய்யோ, எனக்கெங்கீங்க, படுத்தா அடுத்தது எந்திரிக்கறதுதான் தெரியும்."

ஐயாசாமிக்கு அந்த அடையாளம் தானாகவே அமைந்தது. அன்று பிற்பகலில் கரண்டு போய்ச் சத்தம் நின்றது. வழக்கம்போல் விழித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கரண்டு வந்து தறிகள் ஓட ஆரம்பித்ததும் கண்ணைச் சொருகியது. நெஞ்சில் பாரம் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை அவர் மல்லுக்கட்டவில்லை. வந்தால் வா என்று கிடந்தார். பாரம் மெல்ல இறங்கியது. எழுந்து தறிக்கூடத்துக்குள் போனார். நாலு தறியும் ஓடுகின்றன. நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிறது. துணி சுருள்கிறது. சத்தம் மட்டும் இல்லை.

ஓடுகிற தறிக்குச் சத்தம் இல்லாமல் இருக்குமா? இருக்காது. அப்படியானால் இது கனவு. நான் கனவுக்குள் நிற்கிறேன், நிற்பது எனக்குத் தெரிகிறது. இப்படி நினைத்ததும் அவருக்குச் சிறுபிள்ளைபோல் குதூகலம் வந்தது. அந்தக் குதூகலமே கெடுத்தது. படாரென்று விழித்துக்கொண்டார். தறிச் சத்தம் காதில் அடித்தது. தெய்வா செத்த பிறகு அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நொடிதான், அதுவும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் ஒரு பாடமாகவே பழகிக்கொண்டார். சந்தோஷப்படக் கூடாது, அவசரப்படக் கூடாது. அதில் அவருக்குச் சிரமம் ஒன்றும் இல்லை, மரத்துக் கிடந்த மனசு அதற்குத் தோதாகத்தான் இருந்தது. அடுத்த முறை கூடத்தின் பாதி தூரம் போனார். தரை பஞ்சுப் பொதிமேல் நடப்பதுபோல் உள்வாங்கியது. கால் எடுக்க வரவில்லை. தூரத்தில் மூணாம் தறியின் அந்தப் பக்கம் பச்சைச் சேலையின் முந்தானை மட்டும் தெரிந்தது. அதற்குள் கலைந்துவிட்டது.

பிறகு பல நாள் எதுவும் வரவில்லை. வேண்டும் என்று காத்துக் கிடந்தால் பேய்கூட வராது போலிருக்கிறது. செத்த பிணமாகத் தூங்கி எழுந்தார். முத்தாத்தாளுக்கு மட்டும் திருப்தி, செருப்பு வேலை செய்கிறது என்று தெருவெல்லாம் சொன்னாள். இருந்தாலும் பூசாரிக்குச் சொன்னது சொன்னதுதான், அமாவாசைக்கு வந்து கட்டிவிட்டே போகட்டும் என்றாள். பேயில்லை என்று குத்தூஸ் சொன்னதை ஐயாசாமி நம்பினார். ஆனால் பூசாரி வந்து கட்டிவிட்டால் தெய்வா வர முடியாதே என்றும் பயந்தார். ரெண்டையும் ஒரே மனசில் எப்படி வைத்திருந்தார் என்றால், நாமெல்லாம் வைத்திருப்பதுபோலத்தான்.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம் மறுபடி கரண்டு போய் வந்தது. தறிகள் ஓட ஆரம்பித்தன. பாரம் உட்கார்ந்து இறங்கியது. எழுந்து போனார். சத்தமில்லாமல் நாலு தறியும் ஓடின. அவர் சந்தோஷப்படவில்லை. சுவரைத் தொட்டுக்கொண்டே மெதுவாக நடந்தார்.

மூணாம் தறியில் தெய்வாத்தாள் குனிந்து நின்று அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. நோவெல்லாம் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், எங்கே இவ்வளவு நேரம் என்பதுபோல.

"பஸ்ஸுல என்ன சொன்ன தெய்வா? எனக்குக் கேக்குல. கேக்காமயே செரின்னு சொல்லிப்போட்டேன்."

அவள் உதடு அசைந்தது. மூணாந்தறியில நூல் அறுந்துபோச்சுங்க.

"அது கெடக்குது. பஸ்ஸுல சொன்னதச் சொல்லு."

மறுபடி உதடு அசைந்தது. தார் தீந்துபோச்சு, லோகுவக் கொண்டாரச் சொல்லுங்க. அவருக்குப் பொறுக்கவில்லை. கூடம் முழுக்க மயான அமைதி. இத்தனை வருஷத்தில் ஓடுகிற தறிகளுக்கு நடுவில் இப்படி ஒரு அமைதியில் அவர்கள் ரெண்டு பேரும் நின்றதே இல்லை. இதில் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும்.

"தறிச் சத்தமே இல்ல, பாரு. இன்னும் எதுக்கு வாய மட்டும் அசைக்கற? வாயத் தொறந்து சத்தமாச் சொல்லு."

தெய்வாத்தாள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் உதடு சொன்னதை அவர் எழுத்து எழுத்தாகப் படித்தார். சத்தமாத்தானுங்க சொல்றேன்.

விழிப்பு வந்தபோது உடம்பு இன்னும் எழவில்லை. கண் திறந்தபடி கிடந்தார். நெஞ்சில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தலைமாட்டிலும் யாரும் இல்லை. கால் கட்டைவிரலை அசைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவள் குரலை நினைத்துப் பார்த்தார். அவள் சொன்ன வார்த்தைகள் ஆயிரம் நினைவுக்கு வந்தன, சொன்ன உதடும் வந்தது. குரல் வரவில்லை. மெல்லிய குரலா, கரகரத்த குரலா? பெண் பார்க்கப் போனபோது கேட்டிருப்பார். அப்போது வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அதை எங்கே கவனித்தார்? கனவாவது கொடுக்கும் என்று போனால், தன்னிடம் இருப்பதைத்தானே கனவு கொடுக்கும்? தன்னிடம் அது இல்லை. பஸ்ஸில் அவள் சொன்னது இனி எந்தக் காலத்திலும் கேட்கப் போவதில்லை என்பது அங்கே படுத்துக் கிடக்கையில்தான் அவருக்கு உறைத்தது. அழுகை வந்தது. அழுவதற்கும் முகம் அசைய வேண்டுமே, தண்ணீர் மட்டும் காதுப்பக்கம் வழிந்து ஓடியது.

சாயங்காலம் முத்தாத்தாள் வந்தாள். பூசாரிக்கு எலுமிச்சம்பழம், கோழி எல்லாம் சொல்லியாயிற்று என்றாள்.

"வேண்டாமுங்கக்கா. வரச்சொல்லாதீங்க. வந்தது தெய்வா இல்லீங்க."

"பின்ன யாரு சாமி?"

"நாந்தானுங்கக்கா."

முத்தாத்தாள் சட்டென்று எழுந்துவிட்டாள். தம்பிக்குப் பேய் பிடித்தது போய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து, பூசாரியிடம் வேறு மாதிரிச் சொல்லப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஐயாசாமிக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து தறிக்கூடத்துக்குள் போனார். சத்தம் இருந்தது, ஆகவே கனவில்லை. குத்தூஸ் ரெண்டாம் தறியில் நின்றிருந்தார். லோகுவின் குரலைப் பற்றிக் காளிச்சாமி வாசலில் நின்று சொன்னது ஐயாசாமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. உதட்டைப் பார்த்துத் தலையாட்டி வைத்தாரே, அது. சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

கரண்டு இருக்கிறபோது தறியை நிறுத்துகிறவன் அந்தப் பக்கத்தில் கிடையாது. சாவுக்கு நிறுத்துவார்கள், ஆயுத பூஜைக்கு நிறுத்துவார்கள், அவ்வளவுதான். நாலு தறியும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. குத்தூஸ் திரும்பிப் பார்த்தார். சுவிட்சில் ஐயாசாமியின் கை இருப்பதைப் பார்த்துவிட்டுப் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். சமையலறையிலிருந்து லோகு ஓடிவரும் அதிர்வு தரையில் தெரிந்தது. ஐயாசாமி அவள் பக்கம் திரும்பவில்லை. உதட்டைப் பார்த்துவிட்டால் காது வேலை செய்யாது. சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"என்னங்கப்பா, கரண்டு போயிருச்சுங்களா?"

தூரத்தில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஆனால் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்லு கண்ணு."

"கரண்டு போயிருச்சுங்களான்னு கேட்டேனுங்கப்பா."

இதுதானா? இப்படித்தான் இருந்ததா? அவருக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. காளிச்சாமி சொன்னதை நம்பிக்கொள்ள வேண்டியதுதான். அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்?

"போகுல. நாந்தான் நிறுத்துனேன். வேற எதாச்சும் பேசு, கொஞ்சம் சத்தமா."

லோகுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா சுவரோடு பேசுவதைப் பார்த்துப் பயந்துதான் நின்றாள். என்ன பேசுவது என்று யோசித்துவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ரசம் வச்சிருக்கேனுங்க. உப்புப் போட்டுட்டேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்புட வாங்கப்பா."

அவர் ஒரு சொல்லும் விடாமல் கேட்டார். "செரி கண்ணு" என்றார். அதற்குப் பிறகுதான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.